யாரும் மீட்டாத சட்ஜம்

அசோக் நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கச்சேரிப் பைத்தியம். பேரன் கதவைச் சாத்திக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்கிறானாம். ‘இது சங்கீதமா, லேத் பட்டறையா? சுருதி என்று ஒன்று இதில் உண்டா?’ என்பது கேள்வி.

பட்டறை என்பது சரிதான். 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்குக் கடைசி நாள் வேலை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. அம்மாதான் முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். வழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அயோமி இடக்கைக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார். தடித்த தந்தி வலித்ததால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை மாட்டினார். பிறகு தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் மூன்று அரைச்சுரம் வரை கீழே இறக்கியாயிற்று. அந்தத் தளர்ந்த கனத்த நாதம்தான் அவருடைய ‘பிளாக் சாபத்’ குழுவின் அடையாளம். அதன் முதல் இசைத்தட்டு வந்த 1970 பிப்ரவரி 13ஐ மெட்டலின் பிறந்தநாளாகப் பலர் சொல்வார்கள்.

சுருதிக் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த சமாசாரமே அங்கேதான் இருக்கிறது.

மெட்டல் கிட்டாரின் கரகரப்பு எப்படி வருகிறது? ஆம்ப்ளிஃபயர் தாங்குவதற்கு மேல் அதற்குள் ஒலியைத் திணிப்பதால் வருகிறது. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் படியில் அரிசி அளக்கும்போது, கோபுரமாகக் குவிந்ததை உள்ளங்கையால் ஒரே வழி வழித்துவிடுவார். ஒலி அலையின் முகட்டுக்கும் இதே கதி, தலை தட்டையாகிவிடும். தட்டையான அலையில் தந்தியில் இல்லாத புதுப்புது ஒலிகள் முளைக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து அடித்தால், அவற்றின் அதிர்வெண்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசமும் தனி ஒலியாகக் கேட்கும்.

சட்ஜத்தை 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் 300. வித்தியாசம் 100. அது கீழ் ஸ்தாயி சட்ஜம்! எந்த விரலும் தொடாத ஒரு சட்ஜம் அடியிலிருந்து எழுந்து வருகிறது. இந்த ச-ப ஜோடியைத்தான் மெட்டல்காரர்கள் ‘பவர் கார்ட்’ என்கிறார்கள். இரண்டு விரல் போதும். அயோமியின் கைக்கு இதைவிட என்ன வேண்டும்? காந்தாரத்தைச் சேர்த்தால் காரியம் கெடும். சுத்தமான அந்தர காந்தாரம் 250இல் நிற்கவேண்டும். கிட்டாரின் மெட்டுகள் அதை 252இல் வைத்திருக்கின்றன. வித்தியாசம் 50 வந்திருந்தால் இரண்டு ஸ்தாயி கீழே சட்ஜம் கிடைத்திருக்கும். 52 வருகிறது, அபஸ்வரம். சாதாரண ஒலியில் காது மன்னித்துவிடும். கரகரப்பு அந்தக் குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ச-ப மட்டும் என்றால், ஐயா, அது நம் தம்புரா அல்லவா? தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பஞ்சு நூல் செருகுவார்கள். எங்கள் பெரியம்மா அந்த நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக் காதை வைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று தந்தி ‘ரீங்’ என்று விரியும். அந்த ரீங்காரமும் ஒருவகைக் கரகரப்புதான். அதில்தான் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மிதந்து வருகிறது. கிட்டாரில் கீழே சட்ஜம், தம்புராவில் மேலே காந்தாரம். இரண்டுமே கேட்காமல் கிடைத்த பிச்சை. இன்று பாதி மேடைகளில் தம்புரா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பெட்டி சுருதி தப்பாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூலை நகர்த்தத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. இந்தப் பக்கம் இப்படி விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்து ‘இரைச்சல்’ என்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. அதே குழுவின் ‘பிளாக் சாபத்’ என்ற பாட்டின் ஆதார வரிசை மூன்றே சுரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு இறங்கிப் பிரதி மத்யமம். மேற்கே சட்ஜமும் பிரதி மத்யமமும் சேரும் அந்தச் சேர்க்கைக்குச் சாத்தானின் பெயரையே சூட்டியிருந்தார்கள். சர்ச் தடை செய்தது என்ற கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. அந்த இரண்டு சுரங்களையும் சேர்த்து அடித்தால் 200, 283. வித்தியாசம் 83, எந்தச் சட்ஜத்துக்கும் சொந்தமில்லாத ஒலி. பயம் வரத்தான் செய்யும். நம் 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்யமக் குடும்பம். கல்யாணவீட்டு நாகஸ்வரத்தில் கல்யாணி கேட்டு யாராவது பயந்தார்களா? நாம் அந்த மத்யமத்தைப் பஞ்சமத்தின் பக்கம் சாய்த்து அசைக்கிறோம், அவர்கள் அதை நட்டநடுவே நிறுத்திவிடுகிறார்கள்.

‘பிளாக் சாபத்’துக்குப் பின் வந்த ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன், மெட்டாலிக்கா குழுக்கள் எல்லாம் பேரனுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும், அவனிடமே கேளுங்கள். இந்தியாவுக்கு அயர்ன் மெய்டன் முதன்முதலில் வந்தது 2007 மார்ச்சில், பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு. மெட்டாலிக்கா 2011இல் அங்கேதான். சென்னைப் பையன்கள் ரயிலேறிப் போனார்கள். இங்கே அப்போது ஐஐடியின் சாரங் விழா ஒன்றுதான் கதி; 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழுவினர் அங்கே வாசித்தார்கள். சபாக்களுக்குக் குறைவில்லாத ஊரில் இவர்களுக்கென்று ஒழுங்கான அரங்கம் வேண்டாமா? சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய, கதிர் பாடும் ‘ருத்ரா’ குழு சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் மெட்டலில் ஏற்றிவருகிறது. நம் தாத்தாக்கள் அதையாவது ஒருமுறை கேட்கலாம்.

பேரனிடம் எனக்குள்ள சண்டை ஒலி அளவைப் பற்றித்தான். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். ராக் கச்சேரிக்குப் போகிறவர்கள் நுரையாலான காது அடைப்பான் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், காதில் பஞ்சு வைப்பது போதாது. டிசம்பர் சீசனில் ஸ்பீக்கருக்கு அடியில் நாற்காலி கிடைத்த மாமாக்களும் ஒரு ஜோடி வாங்கலாம்.