வசம்பும் அதன் இனங்களும்

சில நாட்களுக்கு முன் குடியானவர் ஒருவர், வசம்பு விதை எங்கே கிடைக்கும் என்று நம்மைக் கேட்டார். விதை கிடையாது, கிழங்கையே நடவேண்டும் என்றோம். ஏன் கிடையாது என்று அவர் மறுபடியும் கேட்டதே இக்கட்டுரைக்குக் காரணம். அதன் விடை, தாவர சாஸ்திரிகள் இச்செடியை வகுத்திருக்கும் முறையில் அடங்கியுள்ளது.

பிள்ளை வளர்ப்பான் என்று நம் பெண்டிர் போற்றும் வசம்பு, பல்லாண்டு வாழும் பூண்டு. சேற்றில் படர்ந்தோடும் கிழங்கிலிருந்து வாள் போன்ற இலைகள் எழும்பும். சிறு பூக்கள் விரல் போன்ற கதிரில் நெருங்கியிருக்கும். சேம்பிலும் கருணையிலும் இத்தகைய கதிர் உண்டாகையால், வசம்பையும் நெடுங்காலம் சேம்புக் குடும்பத்திலேயே சேர்த்திருந்தனர். ஆயினும் சேம்பின் கதிரைப் பாளை சூழ்ந்திருக்கும். வசம்பின் பாளையோ இலை போல நிமிர்ந்து நிற்க, கதிர் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் இருக்கும். சேம்பை நாவில் அரிக்கச் செய்யும் ஊசிப் படிகங்களும் வசம்பில் இல்லை. 1993ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, ஒருவித்திலைத் தாவரங்களில் முதன்முதல் பிரிந்த கிளை வசம்பே எனக் காட்டிற்று. ஆகவே சேம்புக்கு வசம்பைக் காட்டிலும் நெல்லே நெருங்கிய உறவு! இப்பொழுது வசம்புக்குத் தனிக் குடும்பமும் தனி வரிசையும் அளித்துள்ளனர்.

இச்சிறு ஜாதியில், லின்னேயஸ் 1753ல் பெயரிட்ட ஆக்கோரஸ் கலாமஸ் என்பதே நம் வசம்பு. கிழக்காசியாவில் வளரும் ஆக்கோரஸ் கிராமினியஸ் புல் போல் ஒடுங்கியது. அதன் இலையில் புடைத்த நடுநரம்பு இராது. வசம்பிலும் குரோமோஸோம்கள் 24, 36, 48 என மூவகை உண்டு. வட அமெரிக்காவின் 24 உடையதைச் சிலர் தனி இனமாகவே கொள்வர். நம் நாட்டில் பெரும்பாலும் உள்ளது 36 உடையது. மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய இயலாமையால் அது விதை கட்டாது. பூவன் வாழைக்கும் இதுவே கதி.

இவ்வேற்றுமை விதையோடு நிற்பதன்று. வசம்புத் தைலத்திலுள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் 24 உடையதில் இல்லை. 48 உடையதில் மிகுதி. ஜம்முவின் வசம்புத் தைலத்தை உண்ட எலிகளுக்குக் குடலில் கட்டிகள் கண்டமையால், 1968ல் அமெரிக்க அரசாங்கம் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடுத்தது. குழந்தைகளுக்கு நாள்தோறும் உரைத்துப் புகட்டும் வழக்கத்தை, மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்வதை நாம் ஆதரிப்பதற்கில்லை.

கிழங்கால் பெருகுவதால், தாய்க்கிழங்கு எவ்வகையோ அவ்வகையே வயல் முழுதும் அமையும். ஆகையால் பல இடங்களிலிருந்து வந்த கிழங்குகளைக் கலந்து நடலாகாது. கடைச்சரக்கு காய்ந்தது, முளைக்காது. முளைக்கண்ணுள்ள பசுங்கிழங்குத் துண்டுகளை, நீர் தேங்கும் களிமண் வயலில் ஓரடி இடைவெளியில் நடுக. ஏறத்தாழ ஓராண்டில் இலைகள் மஞ்சளித்ததும் அகழ்ந்தெடுத்து, வேர்களைக் களைந்து, நிழலில் உலர்த்துக. கடும் வெயிலில் தைலம் ஆவியாகிப் போகும்.