கோபாலன் இழந்தது என்ன?

பழைய விளையாட்டு ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் எம்.ஜே. கோபாலனின் பெயர் வந்துவிட்டால், பேச்சு பெரும்பாலும் ஒரு பெருமூச்சில்தான் முடியும். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு, கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து சென்றார். ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. இவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. 'தங்கத்தைத் தவறவிட்டவர்' என்றே அவரை நினைவுகூர்கிறோம். நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கணக்கு எனக்கு நிறைவளிக்கவில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்து மோரப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த கோபாலன், வேகப்பந்து வீச்சாளர். ஹாக்கியில் நடுக்கள ஆட்டக்காரர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, சேப்பாக்கத்தில் சென்னை - மைசூர் அணிகள் மோதிய ஆட்டத்தில் ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசினார். 1935-இல் தியான்சந்த் தலைமையிலான ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார். இத்தனையும் இரண்டே ஆண்டுகளுக்குள் நடந்தவை.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மாற்று வழிகளில் சிறந்தது எதுவோ, அதன் மதிப்பைப் பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்பர். கோபாலனுக்கு அச்செலவு பெரிதுதான். 1928, 1932 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றிருந்த ஹாக்கி அணி மீண்டும் வெல்லும் என்பதை எவரும் ஊகித்திருக்க முடியும். ஆனால், ஒரு முடிவை அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் காத்திருந்தன. அவற்றில் ஒன்றில்கூடத் தனக்கு இடமிராது என்பது கப்பல் ஏறியபோது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே அணியில் இருந்த சென்னைக்காரர் கோட்டா ராமசாமியைப் பாருங்கள். அவரும் இரு துறை வீரர். 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதன்முறையாக டெஸ்ட் களம் இறங்கி 40, 60 ரன்கள் எடுத்தார். ஒரே பயணம் ஒருவருக்குப் புகழையும் மற்றவருக்கு ஏமாற்றத்தையும் தந்தது. விளைவை மட்டும் வைத்து ஒருவரின் தெரிவை அறிவுடைமை என்றும் மற்றவருடையதைப் பிழை என்றும் சொல்வது நியாயமாகாது.

வரவுப் பக்கத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். கோபாலன் ஏறத்தாழ கால் நூற்றாண்டு முதல்தர கிரிக்கெட் ஆடினார். பின்னாளில் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950-களில் தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. டெஸ்ட் தகுதி பெற்றிராத இலங்கைக்கு அந்த 'கோபாலன் கோப்பை' முக்கியமான களமாக விளங்கியது. 2003-இல் அவர் மறைந்தார்.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு? நான் வசிக்கும் துடியலூரிலும் கோவையின் பிற பகுதிகளிலும், எட்டு வயதுக் குழந்தைக்கு 'ஒரே விளையாட்டு' எது என்று முடிவுசெய்யப் பெற்றோர் பரபரக்கிறார்கள். ஓட்டமும் கூடைப்பந்தும் நேர விரயம் என்று நிறுத்தப்படுகின்றன. வேலைப்பிரிவினை உற்பத்தியைப் பெருக்கும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது உண்மை. ஆனால், ஒரு சில எளிய வேலைகளையே வாழ்நாள் முழுதும் செய்பவனின் அறிவு மழுங்கும் என்று அதே நூலில் அவர் எச்சரித்ததையும் நாம் படிக்க வேண்டும்.

எட்டு வயதில் ஒரு குழந்தையின் உடல் எப்படி வளரும், மனம் எதில் தோயும் என்பது எவருக்கும் தெரியாது. தகவல் குறைவாக இருக்கும்போது முடிவைத் தள்ளிவைப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. பயிற்சிக் கட்டண ரசீதில் அந்த இழப்பு இடம்பெறாது என்பதால் நாம் அதை உணர்வதில்லை. கோபாலன் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 26. இரு ஆட்டங்களையும் உச்ச நிலையில் ஆடிப் பார்த்த பிறகே ஒன்றைக் கைவிட்டார்.

எல்லாக் குழந்தைகளும் கோபாலன் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. பதின்ம வயது வரையிலாவது அவர்கள் பல ஆட்டங்களை ஆடட்டும். பள்ளிகள் உடற்கல்வி வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்காமல் இருந்தாலே அதற்குப் பாதி வழி பிறந்துவிடும்.

- கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), துடியலூர்.