பிள்ளை வாய் திறக்க வேண்டுமெனில்



சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய் இரவு, அந்தோனியார் நவநாள் முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் ஒரு தாய் கோயில் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். மகன் பதினோராம் வகுப்பு மாணவன்; பல ஆண்டுகளாகப் பூசைக்கு உதவி செய்து வந்தவன். இரண்டு வாரங்களாக அவன் சரிவர உண்பதில்லை, உறங்குவதில்லை, பள்ளிக்குச் செல்லவும் மறுக்கிறான் என்றும், வங்கிக் கணக்கிலிருந்து மூன்று முறையாக 9,000 ரூபாய் போயிருக்கிறது என்றும் கூறி அழுதார்.

இதனை நான் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடும், ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியுமே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். படங்களைப் பகிரும் செயலியொன்றில், ஒரு பெண்ணின் பெயரும் படமும் கொண்ட கணக்கிலிருந்து அவனுக்கு நட்பு அழைப்பு வந்தது. பள்ளித் தோழர் இருவர் ஏற்கெனவே அக்கணக்கோடு தொடர்பு கொண்டிருந்தமையால் அவனுக்கு ஐயம் எழவில்லை. நான்கைந்து நாட்கள் பாடத்தைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேச்சு. பின்னர் உரையாடல் வேறொரு செயலிக்கு மாறியது. ‘அவள்’ தன்னுடையதென்று ஒரு படத்தை அனுப்பி, அவனுடையதையும் கேட்டாள். அனுப்பக்கூடாத படமொன்றை அவன் அனுப்பினான். சில நிமிடங்களில் பேச்சின் தொனியே மாறியது. அவனுடைய நண்பர்கள், உறவினர்கள், ஆசிரியர் ஆகியோரின் பெயர்ப்பட்டியலோடு மிரட்டல் வந்தது. பணம் அனுப்பாவிடில் இவர்கள் அனைவரும் அப்படத்தைக் காண்பார்களாம். முதலில் 2,000 ரூபாய், அடுத்து 3,000, பின்னர் 4,000.

அப்படியொரு பெண் இல்லவே இல்லை. எங்கோ அமர்ந்துகொண்டு, ஒரே வேளையில் பல சிறுவர்களுக்கு இதே சொற்களை அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்களின் தொழில் இது. பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளே இவ்வலையில் மிகுதியாகச் சிக்குகின்றனர் என அமெரிக்கக் காவல்துறையினர் எச்சரித்துள்ளனர். அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட சிறுவர்களும் உண்டு. நாமோ பெண்பிள்ளைகளைக் குறித்து மட்டுமே அஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

தாயின் முன்னிலையில் அவனிடம் பேசினேன். ஏன் முதல் நாளே வீட்டில் சொல்லவில்லை என்று வினவினேன். தலை கவிழ்ந்தவாறே அவன் கூறிய மறுமொழி என்னைச் சுட்டது.

“போன மாதம் பிரசங்கத்திலே, செல்போன் வைத்திருக்கிற பிள்ளைகளெல்லாம் கெட்டுப்போகிறார்கள், அதைப் பிடுங்கி அடுப்பிலே போடுங்கள் என்று சொன்னீர்களே, சாமி. அம்மாவும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார்கள். பிறகு நான் எப்படிச் சொல்வேன்?”

ஆம், சொல்லியிருந்தேன். மக்கள் சிரித்து இரசித்த பிரசங்கம் அது. பள்ளியின் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் வழியாக வரும் காலத்தில் அடுப்பிலே போடுவது எங்ஙனம் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதனினும் பெரிய பிழை, ஆபத்தில் சிக்கிய பிள்ளையின் வாயை அச்சொற்கள் அடைத்துவிடும் என்பதை உணராததே. மிரட்டுபவனுடைய பலம் முழுவதும் அவனுடைய கையிலிருக்கும் படத்தில் இல்லை. பிள்ளை வீட்டாருக்கு அஞ்சுவதிலேயே பெரும்பகுதி இருக்கிறது.

அன்றிரவு செய்தவற்றைக் கூறுகிறேன், உங்களுக்கும் பயன்படும். மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பவில்லை. பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் கூடுகிறது. வெட்கத்தால் உரையாடலை அழித்துவிடத் துடித்த தாயைத் தடுத்தோம், அதுவே சான்று. மிரட்டல் செய்திகள், அக்கணக்கின் பெயர், கைப்பேசி எண், பணம் சென்ற யூபிஐ முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். அதன் பின்னரே அக்கணக்கைத் தடை செய்தோம். இணையப் பண மோசடிக்குரிய 1930 என்னும் எண்ணை அழைத்தோம். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நாங்கள் இரண்டு வாரம் பிந்திவிட்டோம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். பணம் போகாவிட்டாலும், சிறுவருக்கு எவ்வகை ஆபத்து நேரினும் இரவும் பகலும் அழைக்கத்தக்க எண் 1098.

படம் பரவாமல் தடுக்கவும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் சிறுவர் பாதுகாப்புக்கெனப் பணியாற்றும் மையமொன்று 2023ஆம் ஆண்டில் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை. நம் கைப்பேசியிலேயே அப்படத்திற்கு விரல்ரேகை போன்றதோர் எண்குறி உருவாகி, அக்குறி மட்டுமே செல்லும். சேவையில் இணைந்துள்ள நிறுவனங்கள் அதனைக் கொண்டு தத்தம் தளங்களில் அப்படத்தை அடையாளம் கண்டு நீக்குகின்றன.

தந்தையோடு கைப்பேசியில் பேசுவதே அன்று கடினமான பணி. பணத்தைப் பற்றி முதலில் கேட்காதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். நெடுநேரம் மௌனம். பிறகு, “பையன் சாப்பிட்டானா, சாமி?” என்று கேட்டார்.

‘வெளியே தெரிந்தால் மானம் போகும், ஊர்ப் பெரியவர்களை வைத்து முடித்துக்கொள்வோம்’ என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். அது முறையன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காப்பது. இத்தகைய குற்றம் நேர்ந்ததை அறிந்த எவரும், குருக்களாகிய நாங்கள் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவிக்காமை தண்டனைக்குரியது. ஏமாற்றப்பட்ட சிறுவனின் பெயரையும் அடையாளத்தையும் செய்தித்தாள்கள் வெளியிடவும் அச்சட்டம் இடந்தருவதில்லை. திருச்சபையும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 2017 அக்டோபரில் உரோமைக் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில், இணைய உலகில் சிறுவரின் மாண்பு குறித்து ஒரு மாநாடே கூடிற்று. அதன் அறிக்கை திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களிடம் அளிக்கப்பட்டது.

வருமுன் காத்தல் பற்றியும் சிறிது. பிள்ளையின் கணக்கில் பிறந்த ஆண்டு எப்படிப் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். 2024ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் கணக்குகள் தாமாகவே பிறர் காணாதவாறு அமையுமென்றும், அறிமுகமற்றோர் செய்தி அனுப்ப இயலாதென்றும் ஏற்பாடு செய்தது. வயதைக் கூட்டி எழுதியிருந்தால் இக்காவல் கிட்டாது. பல வீடுகளில் அப்பொய் வயதைப் பதிந்து கொடுத்தவர்கள் பெற்றோரே! இரவில் எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும், தந்தையுடையதும்தான். மிரட்டல்கள் பெரும்பாலும் பிள்ளை தனித்து விழித்திருக்கும் நேரத்திலேயே நெருக்குகின்றன.

இன்னொன்று. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, சாதாரண முகப்படத்திலிருந்தே ஆபாசப் படத்தைப் பொய்யாக உருவாக்க முடிகிறது. ஆகவே எதுவும் அனுப்பாத பிள்ளையும் மிரட்டப்படலாம். முதல் நன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் பெயரோடும் பள்ளியோடும் நம் பங்கின் முகநூல் பக்கத்தில் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தவன் நானே. அவற்றை நீக்கிவிட்டேன். சிலருக்கு வருத்தம், பொறுத்துக்கொள்க.

அம்மாணவனின் பணம் இதுவரை திரும்பவில்லை. புகார் விசாரணையில் உள்ளது. படம் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அவன் பள்ளிக்குச் செல்கிறான். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு உதவி செய்யவும் மீண்டும் வருகிறான்.