எழுத்துரு வழியே வந்த பகை

இணையத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்து தானே தோன்றுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு; அதனை முதலில் இறக்கிக்கொண்டாலன்றிப் படித்தல் இயலாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் அக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய போதும் எழுத்துருச் சிக்கல் ஓய்ந்தபாடில்லை. இன்றோ பக்கமே தனக்கு வேண்டிய எழுத்துருவை உடன் கொண்டுவந்து விடுகின்றது. வசதி பெரிதுதான், ஆயினும், முன்பின் அறியாதார் அனுப்பும் எழுத்துருவை உலாவி கேள்வியின்றி ஏற்கின்றது என்பதும் இதனுள் அடங்கும்.

இவ்வழியே பகை புகுந்த செய்தி 2020 அக்டோபரில் வெளியாயிற்று. எழுத்துருவைப் படித்து வடிவம் தீட்டும் பணிக்குக் குரோம் உலாவி அப்போது ஃப்ரீடைப் என்னும் நிரல்தொகுதியைக் கையாண்டது. எழுத்துருவினுள் சிறு படங்களைப் பொதிந்து வைப்பதுண்டு. அப்படத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஃப்ரீடைப் 16 பிட் அளவில் குறித்துக்கொண்டது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. எவனேனும் 65,537 என்று எழுதி அனுப்பினால், குறிப்பில் 1 என்றே பதியும்! அதற்கேற்பச் சிற்றிடம் ஒதுக்கப்படும். பின்னர் முழுப்படமும் அதனுள் இறங்கும். ஒரு படி கொள்ளும் கலத்தில் ஒரு மூட்டை அரிசியைக் கொட்டினாற்போல நினைவகத்தில் வழிந்தோடும். வழிவது எது, எங்கே என்று திட்டமிட்டு அனுப்புவோன் உலாவியைத் தன் ஏவலுக்கு உட்படுத்த வழி பெறுகிறான்.

கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த செர்கெய் கிளாசுனோவ் அக்டோபர் 19இல் இதனைத் தெரிவித்தார். மறுநாளே திருத்திய பதிப்பு வெளிவந்தது. பகைவரோ அதற்கு முன்பே அவ்வோட்டையைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர்.

திருத்தம் வந்ததோடு ஆபத்து தீர்ந்தது எனக் கொள்ளுதல் பிழை. ஃப்ரீடைப்பின் மூலநிரலை எவரும் காணலாம். குரோமுக்கு அடிப்படையான குரோமியமும் அத்தகையதே. பழையதையும் புதியதையும் ஒப்பிடுவோன், மாறிய வரியைக் கொண்டே ஓட்டை இருந்த இடத்தை அறிவான். புதுப்பிக்காத கணினிகளை அதன்பின் தேடிச் செல்வான். இந்த இடைவெளியைக் குறைக்கவே 2023 ஆகஸ்டு முதல் குரோம் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் வெளியிடலாயிற்று.

அவை வந்து இறங்கினாலும், உலாவியை மூடித் திறக்கும்வரை பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஓர் ஆசிரியர் அறைக் கணினியில் இருபது பக்கங்கள் வாரக்கணக்கில் திறந்தே கிடக்குமாயின், இறங்கிய திருத்தம் அதுவரை வீண். மாணவர் பெயரும் அடையாள எண்ணும் மதிப்பெண்ணும் ஏற்றப்படுவது அத்தகைய கணினியில்தானே? ‘பிறகு’ என்னும் பொத்தானை அழுத்துவதில் பலர் காட்டும் சுறுசுறுப்பு வேறெதிலும் காணப்படுவதில்லை.

உலாவியின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘உதவி’ என்பதனுள் சென்றால், பதிப்பின் எண்ணும் நிலுவையிலுள்ள திருத்தமும் தெரியும். இதைவிடுத்து, ஏதோ ஓர் இணையப் பக்கம் நடுவில் தோன்றி “உலாவியைப் புதுப்பியுங்கள்” என்று கூவினால், அது பெரும்பாலும் வஞ்சகர் விரித்த வலை.

விண்டோஸ் 7 கணினிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் புதிய பதிப்புகள் அவற்றில் இயங்கமாட்டா. மூடித் திறந்தும் பயனில்லை. அத்தகைய கணினியில் மாணவர் விவரங்களை ஏற்றாமல் இருப்பதே தக்கது.