பொகவந்தலாவைக் கடைவீதியும் மலையகச் சிறுநகர மறுமலர்ச்சியும்

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். நகரின் இரு கூற்றாரும் ஒருங்கே கூடிய இடம் அது. அங்காடி என்பது பண்டம் கைமாறும் களம் மட்டுமன்று; ஒரு மக்கட் கூட்டம் தன்னை ஓர் ஊராக உணரும் இடமுமாகும். இவ்வளவுகோல் கொண்டு மலையகச் சிறுநகரங்களை நோக்கின், அவற்றின் குறை யாதென்பது புலனாகும். பொகவந்தலாவை அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் பாதை கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் இந்நகரை அடைந்து, பின்னர் மலை கடந்து பலாங்கொடைக்குச் செல்கின்றது. கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் அழித்தபின் தேயிலை இம்மலைகளை மூடியது. 1884இல் புகையிரதம் அட்டனை எட்டியது. சுற்றியுள்ள தோட்டங்களின் தேவைக்கென எழுந்ததே இக்கடைவீதி. எனினும், தோட்டம் வேறு, நகரம் வேறு என்ற நிலையே நெடுங்காலம் நிலவியது. தொழிலாளி வாழ்ந்த லயன் அறை தோட்டத்துக்குரியது. அரிசியையும் தோட்ட நிருவாகமே வழங்கிச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. எஞ்சிய சிறுதொகையே கடைவீதியை அடைந்தது.

இவ்வமைப்பின் சுவடு இன்றும் அழியவில்லை. சம்பள நாளிலும் தீபாவளி முற்பணம் கிடைக்கும் நாட்களிலும் வீதி நிரம்பும். ஏனைய நாட்களில் கடன் கொப்பியே வணிகத்தைத் தாங்கும். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, அது தொழிலாளியின் அடுப்பைப் பற்றிய செய்தி மட்டுமன்று; கடைக்காரரின் முதலைப் பற்றிய செய்தியுமாகும். வாங்குவோர் கையில் பணமின்றி வீதிக்கு வண்ணம் பூசுவதால் விளையும் பயன் சிறிதே.

வறுமையினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பகுத்தது. நாளை இங்கே இருப்போமோ என்று அறியாதவர் நகரில் நிலம் வாங்குவதெங்ஙனம்? கடை வைப்பதெங்ஙனம்? 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மலையக நகரங்கள் பலவற்றிற் கடைகள் எரிந்தமை அவ்வச்சத்தை மேலும் வளர்த்தது. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் தீர்ந்தபின்னும் உள்ளூராட்சித் தடை நீங்கவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிட இடந்தரவில்லை. வாக்களித்த மக்களுக்கே தெருவிளக்கிட இயலாத சபையாக அது இருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அம்பகமுவப் பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து, நோர்வூட் சபையின் எல்லைக்குள் பொகவந்தலாவை அமைந்தது. தோட்டத்தையும் கடைவீதியையும் ஒரே ஊராகக் கருதும் வாய்ப்பு அப்போதே பிறந்தது எனலாம்.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்தப் பிறநாட்டார் அனுபவம் துணைபுரியும். அமெரிக்காவில் நலிந்த சிறுநகரங்களின் தலைத்தெருக்களை மீட்க 1977இல் மூன்று ஊர்களில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. அமைப்பாகச் சேர்தல், ஊரின் சிறப்பைப் பரப்புதல், கட்டடங்களைப் பேணுதல், வணிகத்தை வலுப்படுத்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே செய்தல் அதன் நெறியாயிற்று. பழையதை இடித்துப் புதியது கட்டுவதன்று, உள்ளதை உயர்த்துவதே அதன் உட்கருத்து. தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகரின்றி விளைவிப்போரே விற்கும் வழியைத் திறந்தது.

பொகவந்தலாவையில் உள்ளவை யாவை? லயன்களின் அருகே மரக்கறி பயிரிடுவோரும் பசு வளர்ப்போரும் உளர். அவர்கள் நேரே விற்க ஒரு கூரையிட்ட சந்தை வேண்டும். உலகறிந்த தேயிலை உண்டு. அதனை அவ்விடத்திலேயே பருகவும் வாங்கவும் ஏற்ற கடைகள் வேண்டும். 1879இல் மறைந்த நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரூன் அம்மையாரின் கல்லறை இங்குள்ள தேவாலய முற்றத்தில் உண்டு. அதனைக் காண வருவோர் சற்றுத் தங்கிச் செல்ல வசதி வேண்டும். கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர், தம் சொந்த நகரிலே தொழில் தொடங்கக் கடனுதவி வேண்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை நில உரிமையேயாம். உறுதிப் பத்திரமும் தனி முகவரியும் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாக் கனி. ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு மட்டுமன்றி, நகர மறுமலர்ச்சிக்கும் முதற்படியாகும்.

கடைவீதியின் வளம் அதன் கட்டடங்களில் இல்லை; அங்கு வருவோரின் உரிமையில் உள்ளது. நான்கு தலைமுறையாக வாடிக்கையாளராக மட்டும் மலையிறங்கி வந்த மக்கள், இந்நகர் எமது என்று கூறும் நாளே பொகவந்தலாவை உண்மையில் ஊராகும் நாள்.