பரிசு பெற்ற மூன்று தீவுகள்

இத்தொடரில் இதுவரை கவிதை, சிறுகதை, நாடகம் என்று பேசி வந்தோம். இன்று விவரணப் படம் என்னும் துறையைச் சற்று எட்டிப் பார்க்கலாம். இலக்கிய நிகழ்ச்சியில் படத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். மனிதரின் வாழ்வை உள்ளபடி எடுத்துச் சொல்கிறேன் என்று உரிமை கொண்டாடும் எந்தக் கலையும் இலக்கியத்தின் அயல்வீடுதான். 'உள்ளபடி' என்ற அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விவரணப் படம் என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் கிறியர்சன். 1926 ஆம் ஆண்டில் றொபேட் பிளஹேட்டியின் 'மோனா' என்ற படத்துக்கு எழுதிய விமர்சனத்தில் இச்சொல்லை அவர் கையாண்டார். உண்மையை அப்படியே படியெடுப்பது விவரணப் படம் அல்ல. உண்மையைக் கலைஞன் தன் கையால் பிசைந்து உருவாக்குவதே விவரணப் படம் என்பது அவர் கொள்கை. பிசையும்போது எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

திரைப்பட விழாக்களைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 'கான் விழாவுக்குப் போன படம்' என்றவுடன் அது பரிசு பெற்ற படம் என்று நம்மிற் பலர் நினைத்து விடுகிறோம். விழாவொன்றில் போட்டிப் பிரிவு வேறு, விசேட காட்சிப் பிரிவு வேறு. போட்டிப் பிரிவிற் சேர்ந்த படங்களை ஒரு நடுவர் குழு பார்த்துப் பரிசை முடிவு செய்யும். விசேட காட்சிக்குத் தெரிவாவதும் பெருமைதான். ஆனால் அது பரிசு அல்ல. விழாக்களுக்குள் மூத்தது வெனிஸ். 1932 இல் தொடங்கியது. கான் 1946 இலும் பேர்லின் 1951 இலும் தொடங்கின.

தீவகத்தான் ஒருவனுக்கு இந்த விழாக்களின் வரலாற்றில் ஒரு வேடிக்கை தென்படும். பேர் பெற்ற பரிசுகள் சிலவற்றை விவரணப் படங்களுக்கு வாங்கிக் கொடுத்தவை தீவுகள். அப்படி மூன்று தீவுகளை இன்று எடுத்துக் கொள்கிறேன்.

முதலாவது, அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவுகள். பிளஹேட்டி அங்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கி எடுத்த 'மான் ஒவ் ஆரன்' என்ற படம் 1934 இல் வெனிஸ் விழாவிற் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்குரிய பரிசைப் பெற்றது. அந்தக் கிண்ணம் அன்று முசோலினியின் பெயரைத் தாங்கியிருந்தது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். பாறை நிலத்திற் கடற்பாசியையும் மணலையும் சுமந்து வந்து பரப்பி மண்ணாக்கி, அதில் உருளைக்கிழங்கு நடும் மக்கள் அவர்கள். காற்றைத் தடுக்கக் கல்லை அடுக்கி மதில் கட்டுவார்கள். நெடுந்தீவிற் சுண்ணாம்புச் சாந்து பூசாமல் அடுக்கி வைத்த முருகைக்கல் மதில்களைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

படத்தின் உச்சக்கட்டம் பெருஞ்சுறா வேட்டை. சிறு வள்ளத்தில் நின்று ஈட்டி எறிந்து, விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகச் சுறாவைப் பிடிக்கிறார்கள். பார்ப்பவர் மூச்சடங்கிப் போவார். ஆனால் அந்த வேட்டை அத்தீவில் வழக்கொழிந்து இரண்டு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. படத்துக்காகவே அந்த மக்களுக்கு ஈட்டி எறியக் கற்றுக் கொடுத்தார்கள். படத்தில் வரும் தகப்பன், தாய், மகன் ஆகிய மூவரும் உண்மையில் ஒரே குடும்பத்தவர் அல்லர். முகவெட்டுப் பார்த்து வெவ்வேறு வீடுகளிலிருந்து பொறுக்கப்பட்டவர்கள். மறுபுறம், காணிக்குக் குத்தகை வாங்கிய நிலவுடைமையாளர்கள் படத்தில் தலைகாட்டவே இல்லை. கடலோடு போராடும் மனிதன் இருக்கிறான். கடன்காரனோடு போராடும் மனிதன் இல்லை. அக்காலத்து விமர்சகர்களே இதைச் சுட்டிக்காட்டினர்.

இதன் பின்கதை அதைவிடச் சுவையானது. அத்தீவோடு குடும்ப வழித் தொடர்புடைய அமெரிக்கரான ஜோர்ஜ் ஸ்டோனி, படம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே சென்றார். படத்தில் நடித்தவர்களிலும் அதை நேரிற் கண்டவர்களிலும் உயிரோடிருந்தவர்களை அழைத்து, நடந்தது என்ன என்று கேட்டார். 'ஹவ் த மித் வோஸ் மேட்' என்ற அவரது படம் 1978 இல் வெளிவந்தது. படமாக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வாய் உண்டு என்பதை அந்த முயற்சி உலகுக்குக் காட்டியது.

இரண்டாவது தீவு நம்முடையதே. 1934 இல் இலங்கைக்கு வந்த பசில் ரைட் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்', 1935 இல் பிரசல்ஸ் சர்வதேச விழாவில் முதற்பரிசு பெற்றது. தயாரிப்பாளர் மேற்சொன்ன கிறியர்சன். பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. புத்தர், கன்னித் தீவு, வணிகத்தின் குரல்கள், ஒரு தேவனின் அலங்காரம் என நான்கு பகுதிகள். ஏறத்தாழ 40 நிமிடங்கள்.

இப்படத்தின் சிறப்பு அதன் ஒலி. பின்னணியிற் கேட்பது 1681 இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்கள். கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679 இல் மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர் நொக்ஸ். அந்த வாசகங்களைப் படிப்பவர் கொழும்பின் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட். மூன்றாம் பகுதியில் மனிதர் உழைக்கும் காட்சிகள் ஓடுகின்றன. காதிலோ இலண்டன் சந்தையின் விலை விபரங்களும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் விழுகின்றன. பணம் கொடுத்தவரின் காசிலேயே, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஐயத்தையும் ரைட் உள்ளே நுழைத்து விட்டார். கெட்டித்தனம்தான்.

எனினும் படத்தில் உழைப்பவர் எவரும் தம் கதையைத் தாமே சொல்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் எழுதியதைக் கொழும்புக் கனவான் ஒருவர் படிக்கிறார். படத்தின் கண் பெரும்பாலும் சிங்களக் கிராமத்திலும் பௌத்த வழிபாட்டிலும் கண்டி நடனத்திலுமே தங்கி நிற்கிறது. இலங்கையின் பாட்டு என்று பெயர். அந்தப் பாட்டில் வடபுலத்துக்கென்று ஒரு சரணம் அமையவில்லை. இதைக் குறையாக அன்றி ஓர் எல்லையாகவே சொல்கிறேன். ஒரு படம் எல்லாவற்றையும் காட்ட முடியாது. ஆனால் பரிசு பெற்ற படத்தை முழு நாட்டின் படமாக உலகம் எடுத்துக் கொண்டு விடுகிறது. ஆபத்து அங்கேதான்.

மூன்றாவது, மத்தியதரைக் கடலிலுள்ள இத்தாலியின் லம்பெதூசா. சிசிலியை விடத் துனீசியாவுக்கு அண்மையில் இருக்கும் சிறு தீவு; ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர், நெடுந்தீவின் பாதி கூட இல்லை. ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் அகதிகள் வள்ளமேறி வருவது அங்கேதான். 2013 ஒக்டோபர் 3 ஆம் திகதி அதன் கரைக்கு அருகே ஒரு வள்ளம் மூழ்கி 360 க்கும் அதிகமானோர் மாண்டனர். அத்தீவில் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கி, தானே கமெராவைப் பிடித்து ஜியான்பிராங்கோ ரோசி எடுத்த 'புவொக்கோஅம்மாரே' 2016 இல் பேர்லின் விழாவிற் தங்கக் கரடி விருதை வென்றது. அவ்வாண்டு நடுவர் குழுத் தலைவி நடிகை மெரில் ஸ்ட்ரீப்.

படத்திற் பின்னணி விளக்கம் இல்லை. ஒரு பக்கம் கவணும் கையுமாகத் திரியும் மீனவக் குடும்பத்துச் சிறுவன். மறுபக்கம் கடலில் மீட்கப்படும் அகதிகள். இரு உலகங்களும் சந்திப்பதேயில்லை. இரண்டையும் தொடுபவர் அத்தீவின் வைத்தியர் ஒருவரே. வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. அத்தீவின் சிறு வானொலியில் 'நேயர் விருப்பம்' ஒலிபரப்பாகிறது. வீட்டிலிருந்து பெண்மணி ஒருவர் தன் குடும்பத்தவருக்காகப் பாடல் கேட்கிறார். யுத்த காலத்தில் துறைமுகத்திற் கப்பல் எரிந்ததை நினைவூட்டும் அந்தப் பாடலின் பெயரே படத்தின் பெயர். 'கடலில் நெருப்பு' என்று பொருள் கொள்ளலாம்.

கடலில் நெருப்பு என்ற தொடரைக் கேட்ட மாத்திரத்தில் என் மனம் ஊர்காவற்றுறையையும் குறிகட்டுவானையும் நோக்கித்தான் ஓடுகிறது. நம் தீவகத்தைப் படம்பிடிக்க வருவோருக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. நெடுந்தீவின் குதிரைகள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகள், நயினாதீவில் அருகருகே நிற்கும் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும். இவையெல்லாம் கண்ணுக்கு அழகு. சுற்றுலாப் படங்களில் இவை ஏற்கனவே நிரம்பிக் கிடக்கின்றன. நமக்குரிய சுறா வேட்டை இவைதான் என்று நான் அஞ்சுகிறேன்.

படத்துக்குள் வராமல் நிற்பவை வேறு. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் யுத்தத்தினால் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாயின. புங்குடுதீவிலும் வேலணையிலும் பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். நன்னீருக்கு அலையும் பெண்களும், கடல் கொந்தளித்தால் நோயாளியை எப்படி அக்கரை சேர்ப்பது என்று கலங்கும் குடும்பங்களும் தீவுகளில் உண்டு.

நம்மவர் கமெராவைக் கையிலெடுக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. யாழ். பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதைப் பற்றிச் சோமீதரன் 'எரியும் நினைவுகள்' படத்தை 2008 இல் தந்தார். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017 இல் கான் விழாவில் விசேட காட்சியாகத் திரையிடப்பட்டது. 1983 இல் குழந்தையாகத் தெற்கிலிருந்து ரயிலேறித் தப்பி வந்தவர், பின்னர் தமிழ் இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளையும் பேசும் படம் அது. அதே ஆண்டில் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிற் காட்டப்படவிருந்த அப்படம், எதிர்ப்புக் காரணமாக விலக்கிக் கொள்ளப்பட்டது. படத்தின் பார்வையோடு உடன்படாதோர் பலர் உண்டு. அவர்களுடைய நியாயம் அவர்களுக்கு. ஆயினும் கானில் இருந்தவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம், யாழ்ப்பாணத்தவர் பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற நிலை எனக்கு ஒப்பவில்லை. பார்த்த பின் சண்டை பிடிப்பதுதான் கலைக்கும் நமக்கும் நல்லது.

ஆகவே, பரிசு பெற்ற விவரணப் படம் ஒன்றைப் பார்க்கும்போது நேயர்கள் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக் கொள்ளலாம். இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? படத்திற் பேசும் குரல் யாருடையது? படமாக்கப்பட்ட மக்கள் இதைப் பார்த்தார்களா, பார்த்து என்ன சொன்னார்கள்? ஆரன் தீவார் பதில் சொல்ல நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். தீவகத்தின் முதியவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.

கைத்தொலைபேசியிலேயே படம் பிடிக்கக்கூடிய காலம் இது. அனலைதீவிலோ எழுவைதீவிலோ இருக்கும் பேரப்பிள்ளை ஒருவர், அப்பு ஆச்சியை முற்றத்தில் இருத்தி, அவசரப்படாமல், இடைமறிக்காமல், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைக்கட்டும். ஊர்ப் பெயர், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றைச் சரியாகக் குறித்து வைக்கட்டும். அது எந்த விழாவுக்கும் போகாமல் இருக்கலாம். நாளைக்குத் தீவகத்தைப் பற்றி ஒரு பெரிய படம் வந்து பரிசு பெறுமானால், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா?