ஓடும் வீடும் சிவப்பு ஆயிலும்

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



எஞ்சின் ஆயிலை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது டூ வீலர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கியர்பாக்ஸ் ஆயில்? "அது பாட்டுக்குக் கிடக்கும், அதை ஏன் நோண்டறே?" என்பதுதான் பல பேருடைய பதில். சாதாரண கியர்பாக்ஸ் இப்படி விட்டால்கூட கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஆட்டோமாட்டிக் டிரான்ஸ்மிஷனில் அந்தப் பாச்சா பலிக்காது. அதிலும் மோட்டார் ஹோம் போன்ற கனமான வண்டியில் பலிக்கவே பலிக்காது. ஏன் என்பதையும், ஆயிலையும் பில்டரையும் எப்படி மாற்றுவது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மோட்டார் ஹோம்

கட்டில், சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய பஸ்தான் மோட்டார் ஹோம். அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இதில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். எஞ்சின் பின்னால் உள்ள பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் அலிசன் கம்பெனியின் 3000 எம்.எச். என்ற ஆறு கியர் டிரான்ஸ்மிஷன் இருக்கும். பெரிய வண்டிகளின் எடை 10 டன்னைத் தாண்டும். அது போதாதென்று பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டில் ஏறும்போது டிரான்ஸ்மிஷன் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்!

ஒரே ஆயில், ஐந்து வேலை

சாதாரண கியர்பாக்ஸில் ஆயிலுக்கு இருக்கும் முக்கிய வேலை பற்களுக்கு வழவழப்புக் கொடுப்பது. ஆட்டோமாட்டிக்கில் அதே ஆயில் ஐந்து வேலை செய்கிறது.

1. டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினின் சக்தியைக் கியர்களுக்குக் கொண்டுசெல்வது.
2. ஹைட்ராலிக் அழுத்தமாக மாறி, கிளட்ச்களை அழுத்திக் கியர் மாற்றுவது.
3. பேரிங்குகளுக்கும் பற்களுக்கும் வழவழப்புத் தருவது.
4. உள்ளே உண்டாகும் சூட்டைக் கூலருக்கு எடுத்துச் செல்வது.
5. கிளட்ச் பிளேட்டுகள் அளவோடு பிடிக்கும்படி செய்வது.

இதில் மூன்றாவதும் ஐந்தாவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதைக் கவனியுங்கள். பேரிங்கில் வழுக்க வேண்டும். கிளட்ச்சில் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆயில் செய்ய வேண்டும்! அதற்காகவே அதில் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் இதற்குத் திமிங்கல எண்ணெயைச் சேர்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகுதான் அந்த இடத்துக்கு ஆய்வுக்கூட ரசாயனங்கள் வந்தன.

ஆகவே "ஆயில்னா ஆயில்தான், எதையாவது ஊத்து" என்ற பேச்சு இங்கே செல்லாது. தவறான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அல்லது வண்டி உதறும். அலிசன் கம்பெனி தான் ஏற்றுக்கொண்ட ஆயில்களுக்கு டி.இ.எஸ். 295, டி.இ.எஸ். 668 என்று தர எண் வைத்திருக்கிறது. டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, இந்த எண்ணைத்தான்.

எதிரி யார்?

முதல் எதிரி சூடு. டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கி ஓடும்போது எஞ்சின் சக்தியில் ஒரு பகுதி ஆயிலில் சூடாக மாறுகிறது. ஆயில் சுமார் 80 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிய பிறகு, கூடுகிற ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது பட்டறைகளில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. மலை ஏறும்போது ஒரு கியர் குறைத்து, கன்வர்ட்டரை லாக்கிலேயே வைத்து ஓட்டச் சொல்வதன் காரணம் இதுதான்.

இரண்டாவது எதிரி தூசி. கிளட்ச் பிளேட்டுகள் தேயத் தேய மெல்லிய பொடி ஆயிலில் கலக்கிறது. வால்வு பாடியில் வால்வுகள் தலைமுடியைவிடக் குறைந்த இடைவெளியில் ஓடுகின்றன. பொடி அங்கே போய் உட்கார்ந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். பில்டர் இருப்பது அதைத் தடுப்பதற்குத்தான்.

மூன்றாவது எதிரி காலம். மோட்டார் ஹோம் வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். மைல் கணக்கைப் பார்த்தால் "இன்னும் எவ்வளவோ ஓடலாமே" என்று தோன்றும். ஆனால் மேனுவலில் மைலும் மாதமும் சேர்த்தே போட்டிருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

மாற்றும் முறை (அலிசன் 3000)

முதலில் பாதுகாப்பு. பெரிய மோட்டார் ஹோம்கள் ஏர் சஸ்பென்ஷனில் நிற்கின்றன. பையிலிருந்து காற்று இறங்கினால் பாடி முழுவதும் கீழே உட்காரும். ஏர் பையையோ, வண்டியைச் சமன் செய்யும் ஜாக்கையோ நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஃபிரேமுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று நுழைகிறவருக்குத்தான் ஆபத்து.

1. வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூடான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் பிடித்து, எஞ்சினை அணையுங்கள்.

2. கீழே 20 லிட்டருக்கு மேல் கொள்ளும் பாத்திரத்தை வைத்து டிரெய்ன் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் கையைச் சுடும், கையுறை அவசியம். வந்த ஆயிலை அளந்து வையுங்கள்.

3. அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூடிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆறு போல்ட். ஒரு மூடிக்குள் மெயின் பில்டர், இன்னொன்றுக்குள் லூப் பில்டர். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். சம்ப்பின் உள்ளே சக்ஷன் பில்டர் ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும்போதுதான் அதற்கு வேலை.

4. புதிய ஓ-ரிங்குகளில் சுத்தமான டிரான்ஸ்மிஷன் ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள். மூடி போல்ட்டுகளுக்கு 51 முதல் 61 நியூட்டன் மீட்டர், டிரெய்ன் பிளக்குக்கு 25 முதல் 32 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போய்விடும். அப்புறம் ஆயில் செலவு ஒரு பங்கு, மரை செலவு பத்துப் பங்கு.

5. டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சுத்தமான புனலில் ஆயிலை ஊற்றுங்கள். வெளியே வந்த அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆரம்பியுங்கள். எஞ்சினை ஓட்டி, கசிவு உண்டா என்று பாருங்கள்.

6. ஆயில் சூடேறி 71 முதல் 93 டிகிரிக்குள் வந்ததும், எஞ்சின் ஓடும்போதே, நியூட்ரலில் டிப்ஸ்டிக் பாருங்கள். இந்த "ஹாட்" அளவுதான் இறுதித் தீர்ப்பு. ஆயில் சென்சார் உள்ள வண்டியில் கியர் செலக்டரின் மேல், கீழ் அம்புக்குறிப் பட்டன்களை ஒன்றாக அழுத்தினால், சுமார் இரண்டு நிமிஷ நிதானத்துக்குப் பிறகு அளவை அதுவே காட்டிவிடும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் கியர்கள் ஆயிலைத் தயிர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பதும் காற்றுதானே! ஆக, அதிகமாக ஊற்றினாலும் குறைவாக ஊற்றினாலும் கடைசியில் வருவது ஒரே நோய்தான்.

ஒரு சின்னக் கணக்கு

பெரிய சம்ப் உள்ள 3000-ல் மொத்தம் சுமார் 27 லிட்டர் ஆயில் இருக்கும். டிரெய்ன் பண்ணினால் வருவது சுமார் 18 லிட்டர்தான். மீதி 9 லிட்டர் கன்வர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதாவது ஒரு முறை மாற்றினால் பழைய ஆயில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றினால் மூன்றில் ஒன்றில் மூன்றில் ஒன்று, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. சாதா ஆயிலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. ஒரே தடவையில் முழுசாக மாறிவிட்டது என்று நினைத்து, அடுத்த ஆயில் மாற்றத்தை நீண்ட காலம் தள்ளிப்போட்டால் ஏமாற்றம்தான்.

பழைய ஆயில் பேசும்

வடித்த ஆயிலைக் கீழே கொட்டும் முன் (மண்ணில் அல்ல, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில்!) ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தால் பரவாயில்லை. கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. அதற்குப் புது ஆயில் மருந்தாகாது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கூலர் வழியாக உள்ளே கலந்துவிட்டது. இதில் அலட்சியம் ஆகவே ஆகாது. கூலன்ட் கிளட்ச் பிளேட்டின் மேலுள்ள உராய்வுப் பட்டையைப் பதம் பார்த்துவிடும். கியர்பாக்ஸைப் பிரித்துப் பிளேட்டுகளையே மாற்ற வேண்டிவரும்.

காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருப்பது சகஜம். கையில் தட்டுப்படும் உலோகத் துண்டு சகஜமல்ல. சற்றுச் சிறிய அலிசன் 1000 வகையில் வெளியே திருகும் பில்டரில் வட்டமான காந்தம் ஒன்று இருக்கும். அதைத் துடைத்துப் புது பில்டருக்கு மாற்ற வேண்டும். பழைய பில்டரோடு காந்தத்தையும் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஜாக்கிரதை!

நமக்கென்ன லாபம்?

"மோட்டார் ஹோமுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கலாம். இதே அலிசன் கம்பெனி 2010-ல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்கப் பாட்டி தாத்தா ஓட்டும் வண்டியின் கம்பெனி நம்ம ஊர் பஸ் தூரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கார்களிலும் ஆட்டோமாட்டிக் பெருகிவிட்டது. (ஏ.எம்.டி. என்பது இதுவல்ல. அது சாதாரண கியர்பாக்ஸுக்குக் கிளட்ச் போடவும் கியர் மாற்றவும் ஒரு கருவி வைத்தது. இன்டர்வியூவில் இதைக் கேட்டால் குழம்பிவிடாதீர்கள்.)

இன்னொன்று. தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம்மில் பலருக்கு சர்வீஸ் மேனுவல் என்றாலே ஒரு பயம். அத்தனையும் இங்கிலீஷ்! ஆனால் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் படமும் எண்களும்தான். எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, எத்தனை நியூட்டன் மீட்டர். எண்ணுக்கு மீடியம் கிடையாது நண்பர்களே! கைப்பழக்கத்தில் வேலை செய்கிறவரை ஒரு பட்டறைக்குத் தெரியும். மேனுவல் பார்த்து, அளந்து, காரணம் தெரிந்து வேலை செய்கிறவருக்கு எந்தப் பட்டறையிலும் இடம் உண்டு. டிப்ளமோ என்பது அந்த வித்தியாசம்தான்.